கப்டன் டொக்டருக்கு: சத்திரசிகிச்சையா, குடும்ப மருத்துவமா?

கேள்வி: வணக்கம் மெடம். நான் இராணுவ மருத்துவப் படையணியில் கப்டன். வயது 32. இன்டர்ன் முடித்த பிறகு நாலு வருடமும் மெடிக்கல் ஒபிசராகவே ஓடிவிட்டது. இப்போது வடக்கில் ஒரு முகாம் வைத்தியசாலையில் இருக்கிறேன். மனைவி ஆசிரியை, இரண்டு வயது மகளோடு தெஹிவளையில் என் பெற்றோருடன் இருக்கிறார். சத்திரசிகிச்சைக்கு எம்.டி. என்ற நிபுணத்துவ மேற்படிப்புக்கான தெரிவுப் பரீட்சை எழுது, படைக்குச் சேர்ஜன் வேண்டும் என்கிறார் மேலதிகாரி. எனக்கும் தியேட்டர் பிடிக்கும். குடும்ப மருத்துவ டிப்ளோமா செய்துவிட்டு, சேவைக்காலம் முடிந்ததும் கொழும்பில் ஒரு கிளினிக் போடலாம் என்கிறார் மனைவி. கூட்டாளிகளிடம் சொன்னால், 'கடைசியில் ஜீ.பீ. ஆகத்தானா இவ்வளவு பாடுபட்டாய்' என்கிறார்கள். நான் எந்தப் பக்கம் போவது?

பதில்:

தம்பி, உங்கள் கூட்டாளிகளின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மேலதிகாரி சொன்னதையும் மனைவி சொன்னதையும் விட அதுதான் உங்களைக் கூடுதலாகக் குடைகிறது என்று எனக்குப் படுகிறது. எம்.பீ.பீ.எஸ்., இன்டர்ன், மருத்துவ சபையில் பதிவு, இவ்வளவும் இருந்தால் நம் நாட்டில் யாரும் பெயர்ப்பலகை மாட்டி நோயாளி பார்க்கலாம், மேற்படிப்பு எதுவும் கட்டாயமில்லை. அதனால்தான் வேறொன்றும் கிடைக்காதவர் ஒதுங்குகிற இடம் ஜீ.பீ., அதாவது பொது மருத்துவர் வேலை, என்ற எண்ணம் மருத்துவ பீடத்திலேயே பிள்ளைகளுக்கு ஏறிவிடுகிறது. அந்த எண்ணம் பிழை. கொழும்பில் காலேஜ் ஒஃப் ஜெனரல் பிரக்டிஷனர்ஸ் 1974 இலேயே தொடங்கிவிட்டது. 1980 இல் வந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில், அதுதான் நாம் பீ.ஜீ.ஐ.எம். என்று சொல்வது, சத்திரசிகிச்சைக்கு எம்.டி. இருப்பது போலக் குடும்ப மருத்துவத்துக்கும் எம்.டி. இருக்கிறது, நிபுணர் என்று அங்கீகரிக்கிற போர்ட் சர்டிபிகேஷன் அதற்கும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பொது மருத்துவப் பயிற்சியே ஒரு ஃபெலோஷிப்பில்தான் முடிகிறது. பிரித்தானியாவில் மூன்று வருடப் பயிற்சியும் எம்.ஆர்.சி.ஜீ.பீ. பரீட்சையும் தாண்டாமல் ஜீ.பீ. ஆக முடியாது, அங்கே சீருடையில் இருக்கும் டொக்டர்களுக்கும் அதே வழிதான். ஆகவே நீங்கள் யோசிப்பது இரண்டு நிபுணத்துவங்களில் எது என்பதைப் பற்றித்தான். நிபுணராவதா, சும்மா இருந்துவிடுவதா என்று இதைப் பார்க்காதீர்கள்.

நான் படையில் இருந்தவள் இல்லை. வெள்ளவத்தையில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப வைத்தியர். டிப்ளோமா செய்கிற இளம் டொக்டர்கள் என்னிடம் வந்திருந்து பழகுவார்கள், அவர்களில் சீருடைக்காரரும் உண்டு. ஓய்வுபெற்ற படையினரும் அவர்களுடைய குடும்பத்தினரும் எனக்கு நிறைய நோயாளிகள். இந்தக் கதிரையிலிருந்து பார்க்கும்போது ஒன்று மிகத் தெளிவாகத் தெரிகிறது: படைக்கு எந்த டொக்டர் வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் யுத்த காலத்தை நினைத்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள்.

யுத்தம் 2009 மே மாதத்தோடு முடிந்தது. உங்கள் சிக் பரேட்டில், அதுதான் சுகமில்லை என்று வரும் சிப்பாய்களின் வரிசையில், நாளாந்தம் நிற்பவர்கள் யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முழங்கால் நோவு, முதுகு நோவு, தோல் வருத்தம், நித்திரையில்லை, காய்ச்சல் வந்தால் டெங்குவா எலிக்காய்ச்சலா என்ற பயம், பிறகு பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல். 2008 இல் 23 வயதில் மிதிவெடியில் ஒரு காலை இழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அன்று அவரைக் காப்பாற்றியவர் சேர்ஜன், அதில் சந்தேகமே இல்லை. இன்று அவருக்கு 40 தாண்டிவிட்டது. நடை குறைந்து உடம்பு வைத்திருக்கும், வெட்டிய இடத்துத் தோல் செயற்கைக்காலில் உரசிப் புண்படும், அந்தப் புண் ஆறாமல் இழுத்தடித்தால் இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும், மற்றக் காலின் பாதத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு பாதம்தான். இரவில் நித்திரையில்லை என்பார், குடிக்கிறாரா என்று மனைவியிடம் கேட்டால்தான் தெரியவரும். இரண்டாம் உலகப் போரில் அவயவம் இழந்த அமெரிக்கப் படையினரைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்களிடம் இதயநோயால் வந்த மரணம் கூடுதலாக இருந்தது. அப்படியானால் இவருடைய உயிருக்கு இப்போது காவல் நிற்பது யார்? மாதா மாதம் பிரஷரை அளந்து, சிகரெட்டை விடச் சொல்லிச் சண்டை பிடித்து, மருந்துத் துண்டை மாற்றி எழுதி, மனைவியையும் கூப்பிட்டுப் பேசுகிற ஒரே டொக்டர். அவர் ஒவ்வொரு இடமாற்றத்தோடும் மாறிப்போகாத டொக்டராக இருந்தால் இன்னும் நல்லது. இந்த வேலைக்குப் பயிற்சி வேண்டும். எம்.பீ.பீ.எஸ். மட்டும் போதாது என்பது இந்த நாலு வருடத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மலேரியாவையும் சொல்ல வேண்டும். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 இல், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. நுளம்பு இன்னும் இருக்கிறது. ஆபிரிக்காவில் அமைதிகாக்கும் பணி முடித்துத் திரும்புகிற ஒரு சிப்பாய் காய்ச்சலோடு வந்தால், 'எங்கே இருந்தாய், தடுப்பு மருந்தை ஒழுங்காகக் குடித்து முடித்தாயா' என்று கேட்டு அன்றைக்கே இரத்தம் எடுக்கிற டொக்டரில்தான் அந்த அறிவிப்பு தங்கியிருக்கிறது. மலேரியாவைக் கண்ணாலேயே காணாத ஒரு தலைமுறை டொக்டர்கள் இப்போது வந்துவிட்டார்கள், ஆகவே கேட்க வேண்டும் என்ற ஞாபகம் வருவதே பெரிய விஷயம்.

சரி, வெளிநாட்டுப் பணி என்று வந்ததால் அதையும் பார்ப்போம். தென் சூடானில் போர் (Bor) என்ற ஊரில் 2014 முதல் நம் படையினர் ஐ.நா.வின் இரண்டாம் நிலை வைத்தியசாலையை நடத்தி வந்திருக்கிறார்கள். இரண்டாம் நிலை என்றால் ஐ.நா. எதிர்பார்ப்பது ஒரு நாளைக்கு 3, 4 சத்திரசிகிச்சை, 40 வரை வெளிநோயாளர், 10 முதல் 20 பேர் வரை ஒரு கிழமைக்குத் தங்கிப் படுக்க இடம். சேர்ஜனும் மயக்கமருந்து நிபுணரும் இல்லாமல் அப்படி ஒரு வைத்தியசாலையைத் திறக்கவே முடியாது, உங்கள் மேலதிகாரி சொல்வதில் அந்த அளவுக்கு முழு உண்மை இருக்கிறது. ஆனால் 4 பேர் தியேட்டருக்குள் போகிற நாளில் 40 பேர் வெளியே வாங்கில் இருக்கிறார்கள், அவர்களைப் பார்ப்பவரும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதை உங்கள் மேலதிகாரிக்கும் காட்டலாம். 2001 முதல் 2011 வரை இராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களில் போர்க்காயத்தால் இறந்த 4,596 அமெரிக்கப் படையினரின் மரணங்களை ஆராய்ந்தார்கள். சுமார் 87 சதவீதம் பேர் வைத்தியசாலை வாசலை எட்டும் முன்பே இறந்திருந்தார்கள். அந்த மரணங்களில் ஏறக்குறைய கால்வாசி தடுத்திருக்கக் கூடியவை, அவற்றிலும் பத்தில் ஒன்பது இரத்தம் போனதால். கையிலோ காலிலோ இரத்தம் போனவர்களுக்காவது அங்கே நின்றிருக்க வேண்டியவர் டூர்னிகேயை, அதாவது இரத்தத்தை நிறுத்துகிற பட்டியை, இறுக்கிக் கட்டத் தெரிந்த பக்கத்துச் சிப்பாய், அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியவர் அந்தப் பிரிவின் டொக்டர். உங்களைப் போல முகாமில் இருக்கிற, சிப்பாய்களின் முகம் தெரிந்த, வருடத்துக்கு இரண்டு தடவையாவது பிடித்து உட்காரவைத்துப் பழக்குகிற டொக்டர். யுத்தம் வந்தாலும் பொது மருத்துவருக்கு வேலையிருக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

இப்போது தியேட்டர். உங்களுக்கு அது பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் லேசாக எடுக்கவில்லை. கையால் செய்து உடனே பலனைக் காணுகிற சந்தோஷம் எங்கள் வேலையில் குறைவு, அது இல்லாமல் வாழவே முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கிளினிக் போட்டால் ஐந்து வருடத்தில் சினந்து விழுகிற டொக்டராகிவிடுவார்கள். அப்படியானவரா நீங்கள் என்று பகல் நேரத்தில், ஒழுங்காகப் பட்டியல் போட்டு நடக்கிற ஹேர்னியா ஒப்பரேஷனில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. லீவு எடுத்தாவது, அனுமதி வாங்கி, ஒரு பெரிய போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவில், அவசர நோயாளர் வருகிற காஷுவல்டி இரவுகளில் போய் நில்லுங்கள். விடிய மூன்று மணிக்கு, சாப்பாடும் நித்திரையும் இல்லாமல், வயிற்றைத் திறந்த இடத்தில் எதிர்பார்க்காத ஒன்று இருக்கும்போது, சீனியர் கையை நீட்டி 'நீ பிடி' என்று சொன்னால் உங்களுக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். ஆசை வந்தால் போய்விடுங்கள், பிறகு என்னுடைய இந்தப் பதிலைத் தூக்கி வைத்துவிடலாம். தியேட்டரின் ஒழுங்கும் அமைதியும்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால் மயக்கமருந்துத் துறையையும் யோசியுங்கள். அனர்த்தம் வந்தாலும் ஐ.நா. பணி வந்தாலும் அவர்களைத்தான் முதலில் தேடுவார்கள், நம் பிள்ளைகள் பலர் அதை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

ஆனால் ஒரு இராணுவ சேர்ஜனாக உங்கள் கை எங்கே பழகும் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். சமாதான காலத்தில் இராணுவ வைத்தியசாலைத் தியேட்டருக்கு வருவது பெரும்பாலும் வயதிலும் சுகத்திலும் ஒரே மாதிரியான ஆட்கள்: ஹேர்னியா, அப்பண்டிக்ஸ், மூலம், விளையாட்டில் பிசகிய முழங்கால். அதில் மட்டும் இருந்தால் கை மழுங்கும். யுத்தத்தில் கற்றதைச் சமாதான வருடங்களில் இழந்து, அடுத்த யுத்தத்தின் முதல் நாட்களில் மறுபடி உயிர்களைக் கொடுத்துக் கற்பதற்குப் பிரித்தானிய இராணுவ மருத்துவர்கள் வோக்கர் டிப் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இதற்கு மருந்து, சிவில் வைத்தியசாலையில் தொடர்ந்து வேலை செய்வது. நாரஹேன்பிட்டி இராணுவ வைத்தியசாலையில் பதவியும், கிழமையில் சில நாள் தேசிய வைத்தியசாலை மாதிரி விபத்து நோயாளர் கொட்டுகிற இடத்தில் கத்தியும் என்று இருந்தால் நல்லது. வெரஹெரவிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழக வைத்தியசாலைக்குப் பொதுமக்களும் வருவதால் அங்கே கொஞ்சம் பரந்த அனுபவம் கிடைக்கும். 'படைக்குச் சேர்ஜன் வேண்டும்' என்று சொல்கிற மேலதிகாரியிடம், 'சேர், போர்ட் சர்டிபிகேஷனுக்குப் பிறகு என்னை எங்கே போடுவீர்கள், சிவில் பட்டியலில் வேலை செய்ய விடுவீர்களா' என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாகக் கணக்கில் எடுங்கள்.

காலக்கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மனைவியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். தெரிவுப் பரீட்சை, அது முதல் தடவையே கிடைக்குமென்று யாரும் உறுதி தர முடியாது, பிறகு ரெஜிஸ்ட்ராராகப் பயிற்சி பெறுகிற வருடங்கள், எம்.டி. பரீட்சை, சீனியர் ரெஜிஸ்ட்ரார், அதற்குள் வெளிநாட்டில் ஒரு வருடம். எல்லாம் தடங்கலில்லாமல் போனாலும் ஏழெட்டு வருடம் என்று வையுங்கள். நீங்கள் 40 ஐத் தொடுவீர்கள், மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நெருங்கியிருப்பாள், பெற்றோருக்கு வயதாகியிருக்கும். பயிற்சி முழுவதும் கொழும்பிலேயே கிடைக்கும் என்றில்லை, கண்டி, காலி, யாழ்ப்பாணம் என்று எங்கும் போடலாம். இது வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்கள் இதைத் தாண்டி நன்றாக இருக்கின்றன, ஆனால் அந்த வீடுகளில் மனைவிக்கோ கணவருக்கோ முதலிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. குடும்ப மருத்துவ டிப்ளோமா ஒரு வருடம். அது முடிந்த பிறகு எம்.டி. பக்கம் போவதா என்று யோசிக்க அவகாசமும் கிடைக்கும்.

படித்து முடித்த பிறகு இத்தனை வருடம் சேவை செய்வேன் என்று எழுதிக் கொடுக்கிற பிணைப் பத்திரம் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு உண்மையில் கவலை தந்தது அதுதான். எந்த நாட்டுப் படையானாலும் படிக்க விட்டால் அதற்கு ஈடாக வருடங்களைக் கேட்கும். ஏற்கெனவே உங்கள் மேல் இருக்கிற சேவைக்காலத்தோடு எம்.டி. பயிற்சிக்கான வருடங்கள் எப்படிச் சேர்கின்றன, வெளிநாட்டு வருடத்துக்குத் தனிப் பிணையா, யார் பிணை நிற்க வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், பயிற்சிக் காலத்தில் பதவி உயர்வுக்கான கோர்ஸ்களைத் தவறவிட்டால் என்ன ஆகும், இவற்றையெல்லாம் மெஸ்ஸில் கேட்ட கதையாக இல்லாமல், மருத்துவ சேவைகள் பணிப்பகத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். சேவையில் இருந்துகொண்டே மாலையில் வெளியே நோயாளி பார்ப்பதற்கான அனுமதியையும் அதே கடிதத்தில் கேளுங்கள். தெஹிவளை வீட்டை ஈடு வைத்து அப்பா கையெழுத்துப் போட வேண்டி வருமா என்பது பரீட்சைக்குப் பிறகு தெரியவரக்கூடாது.

மனைவியின் கிளினிக் யோசனை நல்ல யோசனை, ஆனால் அது கடைசிப் பக்கத்துக்குரியது, முதல் பக்கத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டாம். காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் மாலை ஐந்து மணிக்கு நடந்து பார்த்தால் தெரியும், எத்தனை பெயர்ப்பலகை, எத்தனை பாமசிக்குள் எத்தனை டொக்டர், போதாததற்குச் சின்னக் காய்ச்சலுக்கும் நேரே ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணுகிற பழக்கம். இந்த இடத்தில் நிலைப்பது, சொந்தக்காரர் நிறைய உள்ளவரோ, முன்னால் பெரிய போர்ட் போட்டவரோ இல்லை. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஞாபகம் வைத்திருப்பவர், எதைத் தானே பார்க்கலாம், எதை இன்றே அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவர். அது பயிற்சியால் வருவது. ஓய்வுபெற்றுக் கிளினிக் போடும்போது கற்கலாம் என்று விடாமல், சேவையில் இருக்கும்போதே, படையின் நோயாளிகளிடமே கற்றுக்கொள்ளுங்கள். அரசாங்கப் பக்கத்திலும் 2018 இல் உலக வங்கிக் கடனோடு ஆரம்ப சுகாதாரச் சேவையைப் பலப்படுத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது, ஆகவே குடும்ப மருத்துவத்துக்கு இனி இடமில்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

என்னுடைய அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அந்த இரவுகளில் போய் நின்ற பிறகும் தியேட்டர் உங்களைப் பிடித்து இழுத்தால் சத்திரசிகிச்சை, இந்த வருடமே. அந்த இழுப்பு இல்லையென்றால் குடும்ப மருத்துவம், ஆனால் டிப்ளோமாவோடு நிறுத்திக்கொள்கிற குடும்ப மருத்துவம் இல்லை. எம்.டி. வரை போங்கள். நாரஹேன்பிட்டியிலோ பலாலியிலோ ஒரு குடும்ப மருத்துவ நிபுணர் உட்கார்ந்து, முகாம்களின் எல்லா மெடிக்கல் ஒபிசர்களுக்கும் வழிகாட்டி, அவயவம் இழந்தவர்களுக்கும் நாட்பட்ட நோயாளிகளுக்கும் தொடர்ச்சியான பதிவேடு வைத்து நடத்தினால், இந்த நாட்டுப் படையினருக்கு இன்றைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய மருத்துவ உதவி அதுதான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். வடக்கில் உங்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. முகாமுக்கு வெளியே நடமாடும் கிளினிக் போடும்போது, சீருடையைக் கண்டு தயங்கி நிற்கிற ஒரு அம்மா தன் மார்பில் உள்ள கட்டியைப் பற்றித் தமிழில் சொல்லக்கூடிய டொக்டர் அங்கே நீங்கள்தான். அது உங்கள் மனதுக்கு எவ்வளவு பாரமானது என்று ஊகிக்க முடிகிறது, இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் கேட்கிற கேள்விகளும் சேர்ந்து. வேண்டுமென்றால் அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன்.

எதைச் செய்தாலும் இன்னும் நாலு வருடம் இப்படியே மெடிக்கல் ஒபிசராக ஓடவிடாதீர்கள். எனக்குப் பயம் அதுதான். பரீட்சை அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளி, 40 இல் மேஜராகவும் கையில் எம்.பீ.பீ.எஸ். மட்டுமாகவும் வந்து நிற்பவர்களை நான் பார்க்கிறேன். கெட்டிக்காரர்கள்தான், ஒரு முடிவும் எடுக்காமல் காலம் போய்விட்டது. அப்போது படிப்புப் பழக்கமும் விட்டுப்போயிருக்கும்.

உடனே செய்ய வேண்டியது இதுதான். இந்த மாத லீவில் கொழும்புக்கு வரும்போது நொரிஸ் கனால் வீதியிலுள்ள பீ.ஜீ.ஐ.எம்.முக்குப் போய், இரண்டு துறையின் கையேடுகளையும், தெரிவுப் பரீட்சைக்கு முன் எவ்வளவு சேவைக்காலம் வேண்டும் என்பதையும், விண்ணப்ப முடிவுத் திகதிகளையும் கேட்டு எடுங்கள். படை அனுமதிக் கடிதத்துக்கு எழுதும்போது 'மேற்படிப்புக்கு ஆசைப்படுகிறேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் முகாமில் ஒரு வருடத்தில் எத்தனை சீனி நோயாளர், எத்தனை அவயவம் இழந்தவர், எத்தனை பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள் என்று உங்கள் பதிவேட்டிலிருந்தே எண்ணி எடுத்து, இந்தப் பயிற்சி முடிந்தால் இவர்களில் யாரை முகாமிலேயே வைத்துப் பார்க்க முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சத்திரசிகிச்சை என்றால் அதற்கேற்ற கணக்கை எழுதுங்கள். டிப்ளோமாவுக்கு வந்தால், பயிற்சி நேரத்தில் ஒரு மாலை என் கிளினிக்கில் வந்து இருக்கலாம். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கிளினிக் நடத்துவதில் வாடகை, மருந்துக் கொள்வனவு, இரவு அழைப்பு எல்லாம் எப்படி என்று அவருக்கு நேரடியாகவே சொல்கிறேன்.